எலக்ட்ரானைக் கொடுத்துவிட சோடியம் உண்மையிலேயே விரும்புகிறதா?

வாசகர் கேள்வி, 2023 ஜூன் 4

சோடியம் தன் வெளிக்கூட்டு எலக்ட்ரானைக் கொடுத்துவிட விரும்புகிறது, குளோரின் அதை வாங்கிக்கொள்ள விரும்புகிறது, இருவருக்கும் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்து நிலைத்தன்மை கிடைக்கிறது என்று பாடம் சொல்கிறது. அதே பாடத்தின் அட்டவணையில் சோடியத்தின் அயனியாக்கும் ஆற்றல், அதாவது எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் செலவு, மோலுக்கு 496 கிலோஜூல் என்றும், குளோரினின் எலக்ட்ரான் நாட்டம், அதாவது எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல், 349 கிலோஜூல் என்றும் இருக்கிறது. செலவு 496, வரவு 349, நட்டம் 147. நட்டத்தில் முடியும் கொடுக்கல் வாங்கலில் நிலையான சேர்மம் எப்படி உண்டாகிறது? எட்டு என்பது காரணமா, அடையாளமா?

2023 ஜூன் 4, இரவு

உங்கள் கழித்தல் சரியானது. பாடத்தின் "விரும்புகிறது" என்ற சொல்தான் தவறான இடத்தில் நிற்கிறது. எந்த நடுநிலை அணுவும் தன் எலக்ட்ரானைத் தானாகக் கைவிடுவதில்லை. அதைப் பிடுங்க எப்போதும் ஆற்றல் தேவைப்படுகிறது. சோடியத்தை விட்டுவிட்டு அட்டவணை முழுவதையும் தேடினாலும் இதே நிலைதான். மிக எளிதாக எலக்ட்ரானை இழக்கும் சீசியத்துக்கு 376 கிலோஜூல் வேண்டும். மிக அதிகமான எலக்ட்ரான் நாட்டம் கொண்ட குளோரின் தருவதோ 349. மிகச் சிறந்த கொடையாளியையும் மிகச் சிறந்த ஏற்பாளியையும் சேர்த்து வைத்தாலும் 27 கிலோஜூல் குறைகிறது. ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நிற்கும் இரண்டு அணுக்களுக்கிடையே எலக்ட்ரான் தானாக இடம் மாறும்படியான ஓர் இணைகூட இயற்கையில் இல்லை.

நட்டத்தை ஈடுகட்டுவது, இடமாற்றத்துக்குப் பிறகு எதிரெதிர் மின்சுமைகளுக்கிடையே பிறக்கும் ஈர்ப்பு. எலக்ட்ரானை இழந்தோ ஏற்றோ மின்சுமை பெற்ற அணுவே அயனி. ஒற்றை மின்சுமை கொண்ட நேர் அயனியையும் எதிர் அயனியையும் நெருக்கும்போது கிடைக்கும் ஆற்றலை, 1,38,900 என்ற எண்ணைப் பிகோமீட்டரில் உள்ள இடைவெளியால் வகுத்து, மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்று பெறலாம். அது 147ஐ எட்டும் இடைவெளி சுமார் 945 பிகோமீட்டர். அதைவிடத் தள்ளி நின்றால் சோடியமும் குளோரினும் நடுநிலை அணுக்களாக இருப்பதே ஆற்றல் குறைந்த நிலை. அதைவிட நெருங்கினால் அயனிகளாக இருப்பது ஆற்றல் குறைந்த நிலை. "கொடுத்தல்" என்று நாம் சொல்வது இந்த எல்லையைத் தாண்டும்போது நடப்பது.

சோடியம் ஆவி குளோரின் மூலக்கூறுகளோடு வியக்கத்தக்க வேகத்தில் வினைபுரிவதற்கு மைக்கேல் பொலானி தந்த விளக்கமும் இதன் உறவுதான். அணு தொலைவிலிருந்தே தன் எலக்ட்ரானைக் கயிறு கட்டிய ஈட்டியைப் போல எறிகிறது. மின்னீர்ப்பு என்ற கயிறு இரண்டையும் இழுத்துச் சேர்க்கிறது. வேதியியலில் நான் படித்த உவமைகளில் மிகத் துல்லியமானது இது. ஏனெனில், எறிவதற்கு ஆகும் செலவையும் இழுப்பதில் கிடைக்கும் வரவையும் இது தனித்தனியே காட்டுகிறது.

2023 ஜூன் 5

நேற்று எழுதியதில் ஒரு குறை இருக்கிறது. ஒரு சோடியம், ஒரு குளோரின் என்று இரண்டே அணுக்களோடு நிறுத்திவிட்டேன். நாம் கையில் எடுக்கும் உப்புப் படிகத்தில் அப்படிப்பட்ட இணைகள் இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன, ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டின் மையங்களுக்கு இடையே 282 பிகோமீட்டர். இந்த இடைவெளியில் ஓர் இணை மட்டும் இருந்தால் கிடைப்பது சுமார் 493 கிலோஜூல். ஆனால் அந்த ஆறு எதிர்ச்சுமைகளுக்கு அப்பால் பன்னிரண்டு ஒத்த சுமைகள் விலக்குகின்றன. அவற்றுக்கு அப்பால் எட்டு எதிர்ச்சுமைகள் ஈர்க்கின்றன. இப்படியே முடிவில்லாமல் நீள்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் ஓர் இணைக்குரிய ஆற்றல் 1.748 மடங்காகிறது. இந்தப் பெருக்கெண்ணுக்கு மேட்லுங் மாறிலி என்று பெயர்.

இந்த எண்ணை மாணவப் பருவத்தில் நானே கூட்டிப் பார்க்க முயன்றேன். முதலில் 6. அடுத்து, 12ஐ 2இன் வர்க்கமூலத்தால் வகுத்துக் கழித்தால் −2.485. அடுத்து, 8ஐ 3இன் வர்க்கமூலத்தால் வகுத்துக் கூட்டினால் 2.134. பிறகு −0.866. பிறகு 9.867. இரண்டு தாள் நிறைந்த பிறகும் விடை ஒரு பக்கம் நிலைகொள்ளாமல் ஊசலாடியது. எங்கோ வர்க்கமூலத்தைப் பிழையாக எடுத்துவிட்டேன் என்றே நம்பி, எல்லாவற்றையும் அழித்து மீண்டும் தொடங்கினேன். பிழை கணக்கில் இல்லை, கூட்டும் முறையில் இருந்தது. கோளம் கோளமாக விரிந்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் உள்ளே சேர்ந்திருக்கும் மொத்தச் சுமை பூச்சியமாக இருப்பதில்லை. கனசதுரமாக எடுத்து, முகத்தில் இருக்கும் அயனியைப் பாதியாகவும், விளிம்பில் இருப்பதைக் கால் பங்காகவும், மூலையில் இருப்பதை எட்டில் ஒரு பங்காகவும் எண்ண வேண்டும். அப்போது முதல் கனசதுரத்திலேயே 1.456 வருகிறது, இரண்டாவதில் 1.75 வந்துவிடுகிறது. உப்பு நிலைத்து நிற்பதற்கான காரணத்தை அன்று என் தாளிலேயே பார்த்தேன்: ஈர்ப்பும் விலக்கும் முடிவில்லாமல் மோதி, ஒவ்வொரு வட்டாரத்திலும் மின்சுமை சமப்பட்ட பிறகு, ஈர்ப்பு சற்றே வென்று நிற்கிறது.

493ஐ 1.748ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 861. எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது எழும் குறுந்தொலைவு விலக்கத்துக்காக இதில் ஒரு பகுதியைக் கழித்தால், அயனிகள் சேர்ந்து படிகமாகும்போது வெளிப்படும் ஆற்றலுக்கு, அதாவது படிகக்கூடு ஆற்றலுக்கு, ஏற்கப்பட்ட மதிப்பான 787 கிலோஜூலுக்கு அருகில் வந்து சேர்கிறோம்.

2023 ஜூன் 5, பிற்பகல்

கணக்கை முழுமையாக வைத்துவிடுகிறேன். கேள்வி கேட்டவர் 147 நட்டம் என்றார். உண்மையான நட்டம் அதைவிடப் பெரியது. நாம் தொடங்குவது தனி அணுக்களிலிருந்து அன்று, திண்மச் சோடியத்திலிருந்தும் குளோரின் வாயுவிலிருந்தும். சோடியத்தை ஆவியாக்க 107, குளோரின் மூலக்கூற்றைப் பிரித்து ஓர் அணு பெற 122, எலக்ட்ரானைப் பிடுங்க 496, செலவு 725. குளோரின் திருப்பித் தருவது 349. நிற்பது 376 நட்டம். படிகம் அமையும்போது 787 கிடைக்கிறது. மீதி 411, அதுதான் ஒரு மோல் சோடியம் குளோரைடு உருவாகும்போது வெளிப்படும் வெப்பம். பார்ன்–ஹேபர் சுற்று என்பது இவ்வளவே. இந்த ஐந்து எண்களில் எந்த ஒன்றும் "எட்டு" என்ற சொல்லைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2023 ஜூன் 6

அப்படியானால் உப்பு மூலக்கூறு என்று ஒன்று இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். படிகத்துக்குள் இல்லை. 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இதைக் காட்டினார்கள். அது எவ்வளவு அதிர்ச்சியாக இருந்தது என்றால், பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1927இல்கூட, ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் அதை மறுத்து நேச்சர் இதழுக்கு எழுதினார். சதுரங்கப் பலகையைப் போல மாறி மாறி அடுக்கப்பட்ட உப்பை அவரால் ஏற்க முடியவில்லை. உயர் வெப்பநிலையில் ஆவியாகும்போது மட்டும் தனித்தனி மூலக்கூறுகள் உண்டு. அங்கே இடைவெளி 236 பிகோமீட்டராகச் சுருங்குகிறது. ஓர் அயனியை ஆறு பேர் பங்குபோடும்போது தொலைவு கூடுகிறது, ஒருவருக்கே கிடைத்தால் குறைகிறது.

2023 ஜூன் 9

இப்போது எட்டு. நான் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, வெளிக்கூட்டில் எட்டு நிறைய வேண்டும் என்ற எண்ம விதியையே நான் தூக்கியெறிகிறேன் என்று சிலர் கருதியிருக்கிறார்கள். அப்படி இல்லை. எட்டு என்பது காரணம் அன்று, ஆற்றல் செலவு செங்குத்தாக ஏறும் இடத்தின் அடையாளம். சோடியத்தின் முதல் எலக்ட்ரானுக்கு 496, இரண்டாவதற்கு 4,562. முதலாவது மூன்றாம் கூட்டில் தனியாக, உள்கூடுகளின் மறைப்புக்கு வெளியே இருக்கிறது. இரண்டாவதோ அணுக்கருவுக்கு இன்னும் அருகில் உள்ள இரண்டாம் கூட்டிலிருந்து வர வேண்டும். அந்தச் செலவை எந்தப் படிகக்கூடும் திருப்பித் தர இயலாது. ஆகவே சோடியம் ஒன்றோடு நிற்கிறது.

மெக்னீசியத்தில் இந்தப் பேரம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. முதல் எலக்ட்ரான் 738, இரண்டாவது 1,451, மூன்றாவது 7,733. "முதல் எலக்ட்ரானைக் கொடுப்பதே மலிவு, அதோடு ஏன் நிறுத்தவில்லை?" என்று என் மாணவி ஒருத்தி பல ஆண்டுகளுக்கு முன் கேட்டாள். அன்று நான் எட்டு நிறைய வேண்டும் என்று சொல்லி முடித்துவிட்டேன். அந்த விடைக்காக இன்றும் வருந்துகிறேன், அவள் கேட்டது மிக ஆழமான கேள்வி. ஒரே ஒரு குளோரின் கொண்ட மெக்னீசியம் குளோரைடும் தனிமங்களைவிட ஆற்றல் குறைந்ததாகவே இருக்கும் என்று கணக்கிட முடிகிறது. ஆனால் அப்படிப்பட்ட இரண்டு பங்குகள் சேர்ந்து, ஒரு பங்கு மெக்னீசியம் உலோகமாகவும் ஒரு பங்கு வழக்கமான இருகுளோரைடாகவும் பிரிந்துபோவது அதைவிடக் கீழே இறங்கும் வழி. நிலைத்தன்மை என்பது எப்போதும் எதைக் காட்டிலும் என்ற ஒப்பீடு. தனிமங்களைக் காட்டிலும் நிலையானது, மாற்று வழிகளைக் காட்டிலும் நிலையற்றதாக இருக்கலாம்.

ஆக்சிஜனும் எட்டுக் கதையோடு ஒத்துப்போவதில்லை. முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது 141 கிலோஜூல் வெளியிடுகிறது. எட்டை நிறைக்கும் இரண்டாவது எலக்ட்ரானையோ அது விலக்குகிறது. அதை உள்ளே திணிக்க 700 கிலோஜூலுக்கும் அதிகமாகச் செலவிட வேண்டும். தனியாக விடப்பட்ட இரட்டை எதிர்ச்சுமை ஆக்சைடு அயனி, எட்டு நிறைந்திருந்தும், எலக்ட்ரானை உதறிவிடும். மெக்னீசியம் ஆக்சைடில் அதை நிறுத்தி வைப்பது படிகக்கூடுதான். இரண்டும் இரண்டும் பெருகி நான்கு மடங்கு ஈர்ப்பு, 210 பிகோமீட்டர் இடைவெளி, சுமார் 3,800 கிலோஜூல் படிகக்கூடு ஆற்றல். உப்பு 801 டிகிரி செல்சியஸில் உருக, இது 2,852 டிகிரி வரை தாங்குவதும் இதனால்தான்.

2023 ஜூன் 14

சகப்பிணைப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று பலரும் நினைவூட்டினார்கள். கில்பர்ட் லூயிஸ் 1916இல் இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இணையைப் பங்கிட்டுக்கொள்வதே பிணைப்பு என்றார். அதே ஆண்டில் வால்தர் கோசல் அயனிகளின் வழியை விளக்கினார். இர்விங் லாங்மியூர் 1919இல் முன்னதற்குப் பெயர் சூட்டிப் பரப்பினார். ஆனால் பங்கிட்டால் ஏன் ஆற்றல் குறைய வேண்டும் என்பதற்கு அப்போது விடை இல்லை. ஒரே வகைச் சுமை கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கத்தானே வேண்டும்? 1927இல் ஹைட்லரும் லண்டனும் ஹைட்ரஜன் மூலக்கூற்றுக்குக் குவாண்டம் இயக்கவியலைப் பொருத்திய பிறகே விடை கிடைத்தது.

இரண்டு அணுக்களின் அலைகள் மேற்பொருந்தும்போது அணுக்கருக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் எலக்ட்ரான் அடர்த்தி கூடுகிறது, அது இரண்டு கருக்களையும் ஒருசேர ஈர்க்கிறது. கருக்கள் 74 பிகோமீட்டரில் நிற்கின்றன. பிரிக்க மோலுக்கு 436 கிலோஜூல் தேவை.

2023 ஜூன் 15

நேற்றைய கடைசிப் பத்தியைத் திருத்த வேண்டும். நடுவில் அடர்த்தி கூடுவதால் மட்டுமே ஆற்றல் குறைகிறது என்ற தோற்றத்தை அது தருகிறது. நானும் வெகுகாலம் அப்படித்தான் கற்பித்து வந்தேன். எலக்ட்ரானை மிகச் சிறிய இடத்தில் அடைத்தால் அதன் இயக்க ஆற்றல் ஏறும் என்பது குவாண்டம் இயக்கவியலின் அடிப்படை. இரண்டு அணுக்கள் நெருங்கும்போது எலக்ட்ரானுக்கு இரண்டு கருக்களைச் சுற்றியும் உலவ இடம் கிடைக்கிறது, ஆகவே தொடக்கத்தில் இயக்க ஆற்றல் இறங்குகிறது. அந்தத் தளர்வு கிடைத்ததால்தான் மேகம் ஒவ்வொரு கருவையும் நோக்கி முன்னைவிட இறுக்கமாகச் சுருங்க முடிகிறது. சுருங்கிய பிறகு இயக்க ஆற்றல் மீண்டும் ஏறுகிறது, நிலையாற்றல் அதைவிட அதிகமாக இறங்குகிறது. ஹான்ஸ் ஹெல்மான் 1933இல் இந்தத் திசையைக் காட்டினார், கிளாஸ் ரூடன்பெர்க் 1962இல் விரிவாக நிறுவினார். இறுதிக் கணக்கை மட்டும் பார்த்தால் நிலையாற்றலே எல்லாம் என்று தோன்றும்; அங்கே வந்து சேர்ந்த வழியையும் பார்க்க வேண்டும்.

இணை என்பதும் மந்திரச் சொல் இல்லை. இரண்டு புரோட்டான்களையும் ஒரே ஓர் எலக்ட்ரானையும் கொண்ட ஹைட்ரஜன் மூலக்கூறு அயனி உண்மையில் இருக்கிறது. அதன் நீளம் 106 பிகோமீட்டர், பிணைப்பு ஆற்றல் சுமார் 256 கிலோஜூல். இரண்டாவது எலக்ட்ரான் சேர்ந்தால் பிணைப்பு வலுக்கிறது. இரண்டு ஹீலியம் அணுக்களில் நான்கு எலக்ட்ரான்கள் வந்துவிடுவதால், இரண்டு பிணைக்கும் நிலையிலும் இரண்டு பிணைப்பை முறிக்கும் நிலையிலும் அமர்கின்றன, பிணைப்பு அமைவதில்லை.

2023 ஜூன் 15, இரவு

சிறு குறிப்பு. பிணைப்பை உடைத்தால் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் வெளிப்படும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். எரிதலில் வெப்பம் வருவது, உடைந்தவற்றைவிட வலுவான புதிய பிணைப்புகள் அமைவதால்.

2023 ஜூன் 21

பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறனான எலக்ட்ரான் கவர்திறனின் வேறுபாடு 1.7ஐத் தாண்டினால் அயனிப் பிணைப்பு, குறைந்தால் சகப்பிணைப்பு என்ற விதியைப் பற்றிக் கேட்டவருக்கு: அதைத் தேர்வு அறையில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். லைனஸ் பாலிங்கின் அளவுகோலில் ஹைட்ரஜன் 2.20, ஃபுளூரின் 3.98, வேறுபாடு 1.78. விதிப்படி ஹைட்ரஜன் ஃபுளூரைடு அயனிச் சேர்மமாக இருக்க வேண்டும். அதுவோ 20 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும் மூலக்கூற்றுப் பொருள். சோடியம் 0.93, ஆகவே சோடியம் ஹைட்ரைடில் வேறுபாடு 1.27 மட்டுமே, விதிப்படி சகப்பிணைப்பு. அதுவோ உப்பைப் போன்ற அமைப்புக் கொண்ட அயனித் திண்மம், ஹைட்ரஜன் அங்கே எதிர் அயனியாக இருக்கிறது. வேறுபாடு மட்டும் போதாது, சராசரியும் வேண்டும். இரண்டுமே எலக்ட்ரானை இறுகப் பற்றும் அணுக்களாக இருந்தால் பங்கீட்டின் பக்கம் சாய்கின்றன.

எல்லை ஒரு கோடு அன்று, நீண்ட சரிவு. மூலக்கூற்றில் மின்சுமை எவ்வளவு பிரிந்து நிற்கிறது என்பதன் அளவு இருமுனைத் திருப்புத்திறன், அதன் அலகு டிபை. ஹைட்ரஜன் குளோரைடுக்கு அது 1.08 டிபை. 127 பிகோமீட்டர் தொலைவில் முழு எலக்ட்ரானே இடம் மாறியிருந்தால் அது 6.1ஆக இருக்க வேண்டும். ஆகவே சுமார் 18 விழுக்காடு அயனித்தன்மை. சோடியம் குளோரைடு ஆவியின் மூலக்கூற்றில் இதே கணக்கு 11.3க்கு 9.0, ஏறத்தாழ 80 விழுக்காடு. நாம் அயனிச் சேர்மத்துக்கு முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லும் பொருளின் மூலக்கூறே நூற்றுக்கு நூறு அயனி இல்லை.

2023 ஜூன் 22

நீரற்ற அலுமினியம் குளோரைடு நிறைந்த புட்டியை முதன்முதலில் திறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உலோகமும் அலோகமும் சேர்ந்தது, ஆகவே உப்பைப் போல அமைதியாக இருக்கும் என்ற எண்ணத்தில் மூடியைத் திருகினேன். ஈரக்காற்று பட்டதும் வாயிலிருந்து வெண்புகை எழுந்து, ஹைட்ரஜன் குளோரைடின் காரமான நெடி மூக்கைத் தாக்கியது. சூடாக்கினால் அது உருகாமலே சுமார் 180 டிகிரியில் பதங்கமாகிறது. காரணத்தை காசிமிர் ஃபஜான்ஸ் 1923இல் சொல்லியிருக்கிறார்: நேர் அயனி சிறியதாகவும் சுமை மிகுந்ததாகவும் இருந்தால், பெரிய எதிர் அயனியின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்து உருக்குலைக்கும், இழுத்தல் கூடக் கூட அது பங்கீடாகவே ஆகிவிடும். குளோரைடுக்குப் பதிலாகச் சிறிய, எளிதில் குலையாத ஃபுளூரைடை வைத்தால், அலுமினியம் ஃபுளூரைடு 1,200 டிகிரிக்கு மேலும் திண்மமாக நிற்கிறது.

2023 ஜூன் 23

நேற்று எழுதியதைப் படித்தால் திண்ம அலுமினியம் குளோரைடிலேயே தனி மூலக்கூறுகள் இருப்பதாகத் தோன்றும். அப்படி இல்லை. திண்மத்தில் ஒவ்வொரு அலுமினியத்தையும் ஆறு குளோரின்கள் சூழ்ந்த அடுக்குகள் உள்ளன. அழுத்தத்தில் உருக்கும்போதுதான் அவை கலைந்து, இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் கொண்ட மூலக்கூறுகளாகின்றன. கன அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது, மின்கடத்தல் ஏறக்குறைய அற்றுப்போகிறது. உப்பு உருகினால் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். இது உருகினால் கடத்துவதை நிறுத்துகிறது. ஒரே பொருள் தன் நிலையை மாற்றும்போது பிணைப்பின் முகமும் மாறுவதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

2023 ஜூலை 2

சகப்பிணைப்பு வலுவற்றது, அதனால்தான் அயோடின் எளிதில் ஆவியாகிறது என்ற கருத்து மீண்டும் வந்திருக்கிறது. அயோடின் படிகத்தைச் சூடாக்கும்போது எழும் ஊதா ஆவியில் அயோடின் மூலக்கூறுகள் முழுமையாகவே இருக்கின்றன. 151 கிலோஜூல் கொண்ட அந்தப் பிணைப்பு உடையவில்லை. மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பு மட்டுமே விட்டுக்கொடுத்தது. வைரத்தில் 154 பிகோமீட்டர் நீளமுள்ள அதே வகைச் சகப்பிணைப்பு திண்மம் முழுவதும் தொடர்ந்து செல்வதால், ஆவியாக்க வேண்டுமானால் அந்தப் பிணைப்புகளையே உடைக்க வேண்டியிருக்கிறது.

அயனிப் படிகத்தின் குணத்தைக் கையால் அறிய ஒரு வழி உண்டு. நிறைவுற்ற உப்புக் கரைசலில் நூல் கட்டிச் சில வாரங்கள் அசையாமல் வைத்து, விரல் நகம் அளவு கனசதுரம் ஒன்றை வளர்த்தேன். ஒரு முகத்துக்கு இணையாகப் பிளேடை வைத்து மெல்லத் தட்டினால், கண்ணாடி போல் வழுவழுப்பான புதிய முகத்தோடு அது இரண்டாகப் பிரிகிறது. மூலைவிட்டமாகத் தட்டியபோது நொறுங்கிப் பொடியானது. ஓர் அடுக்கு அரை அலகு நகர்ந்தாலே நேர்ச்சுமைக்கு எதிரே நேர்ச்சுமை வந்து நிற்கிறது, அதுவரை கட்டிப்பிடித்திருந்த விசையே தள்ளத் தொடங்குகிறது.

2023 ஜூலை 10

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். எட்டு காரணமாக இருந்தால், ஏற்கெனவே எட்டு நிறைந்த செனான் யாரோடும் சேரக்கூடாது. நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூற்றிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்து ஒரு திண்மத்தைத் தருவதைக் கண்டிருந்தார். பிறகு அட்டவணையைப் பார்த்தார். ஆக்சிஜன் மூலக்கூற்றின் அயனியாக்கும் ஆற்றல் 1,165 கிலோஜூல், செனானுடையது 1,170. பருமனும் ஏறத்தாழ ஒன்றே, ஆகவே படிகக்கூடு திருப்பித் தருவதும் ஏறத்தாழ அதே அளவாக இருக்கும். நீங்கள் 496க்கும் 349க்கும் போட்ட அதே வகைக் கணக்குத்தான். 1962இல் அவர் அந்தச் செந்நிற ஆவியையும் நிறமற்ற செனானையும் சாதாரண வெப்பநிலையில் ஒன்றோடொன்று கலக்கவிட்டார். அந்தக் கணமே கலத்தின் சுவரில் மஞ்சள் கலந்த செம்மஞ்சள் திண்மம் படிந்தது.